என்ன படிக்கிறே, கண்ணு?

18 வயது முதல் 30 வயது வரை: எந்தப் பருவத்தில் எந்தப் புத்தகம்?

1880-ம் வருஷம், அக்டோபர் மாதம் 21-ந் தேதி. கும்பகோணத்தில் ஒரு முன்சீப்பு இருந்தார். முன்சீப்பு என்றால் நீதிபதி. அவர் பெயர் சேலம் ராமசாமி முதலியார்.

அவரைப் பார்க்க ஒரு வாலிபர் வந்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். வயது 25. இரவும் பகலும் தமிழ் படித்தவர்.

என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். வாலிபர் உற்சாகமாக அடுக்கினார். இத்தனை அந்தாதி, இத்தனை பிள்ளைத்தமிழ், இத்தனை கோவை, இத்தனை புராணம் என்று பட்டியல் நீண்டது.

முதலியார் அசரவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டார்! சீவக சிந்தாமணி படித்தது உண்டா, சிலப்பதிகாரம் படித்தது உண்டா, மணிமேகலை படித்தது உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வாலிபர் திகைத்துப் போனார். அவற்றை அவர் படித்ததே இல்லை.

பிறகு முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை அவரிடம் கொடுத்தார்.

ஏழு வருஷம் சென்றது. 1887-ல் சீவக சிந்தாமணி அச்சுப் புத்தகமாக வெளிவந்தது. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை வெளிவந்தன. ஏட்டில் கிடந்த பழந்தமிழ் நாட்டு மக்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வாலிபர்தான் உ. வே. சாமிநாத ஐயர். தமிழ்த் தாத்தா!

25 வயதில் ஒருவர் கேட்ட ஒரு கேள்வி, கொடுத்த ஒரு புத்தகம். அவருடைய வாழ்க்கையே திசை மாறிவிட்டது.

இன்று யார் கேட்கிறார்கள்?

இன்றைக்கும் சேலம், நாமக்கல் சீமையில் இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். கலியாண வீட்டில் கேட்கிறார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு வந்த உறவினர்கள் கேட்கிறார்கள்.

"என்ன படிக்கிறே, கண்ணு?"

"பி.இ. மூணாவது வருஷமுங்க, மாமா."

அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த வருஷம், "சம்பளம் எவ்வளவு?" அதற்கு அடுத்த வருஷம், "பொண்ணு பார்க்கிறாங்களா?"

தமிழில் "படிப்பு" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிப்பதும் படிப்பு. புத்தகத்தை எடுத்து விருப்பத்தோடு வாசிப்பதும் படிப்பு. முதல் படிப்பைப் பற்றி நம் வீடுகளில் ஓயாமல் பேசுகிறோம். இரண்டாவது படிப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இதுதான் இன்றைய பிரச்சினை.

மார்க்கு வேட்டை

நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் பேர்போனது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போனது. சென்ற முப்பது வருஷங்களில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிக்கூடங்களுக்கும் பேர்போனதாகிவிட்டது. தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளில் இருந்தெல்லாம் தகப்பனார்கள் கடன் வாங்கிப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் ஆக வேண்டும், என்ஜினீயர் ஆக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஆசையில் தப்பு இல்லை.

ஆனால் மார்க்கு வேட்டை எல்லை மீறியது. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கிறார்கள் என்று தமிழ்நாடு முழுவதும் புகார் எழுந்தது. அதைத் தடுக்க 2017-18 கல்வி ஆண்டில் பிளஸ் ஒன் வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கமும் 2017-ல் நிறுத்தப்பட்டது. அதே வருஷம் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நீட் பரீட்சை வந்தது. வேட்டை நிற்கவில்லை. வேறு பாதையில் திரும்பியது.

இப்படி வளர்ந்த பிள்ளை 18 வயதில் வெளியே வருகிறான். புத்தகம் என்றாலே அவனுக்குப் பரீட்சைதான் ஞாபகம் வருகிறது. பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறான். அது அவன் குற்றம் அல்ல. ஆனால் வாழ்க்கையில் பெரிய முடிவுகளை எல்லாம் எடுக்க வேண்டிய வயது அப்போதுதான் தொடங்குகிறது. என்ன வேலைக்குப் போவது? யாரைக் கலியாணம் செய்துகொள்வது? கடன் வாங்கலாமா? யார் சொல்வதை நம்புவது?

இந்தக் கேள்விகளுக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் விடை இல்லை.

காந்திஜி படித்த நாலு புத்தகங்கள்

மகாத்மா காந்தி பள்ளி நாட்களில் பாடப் புத்தகத்துக்கு வெளியே அதிகம் படித்தவர் அல்ல. இதை அவரே தம் சுயசரிதையான "சத்திய சோதனை"யில் ஒப்புக்கொள்கிறார்.

1888-ல் 18 வயதில் லண்டனுக்குப் படிக்கப் போனார். மாமிசம் தொடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அங்கே ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் ஹென்றி சால்ட் என்பவர் எழுதிய சிறு புத்தகம் விற்பனைக்கு இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் படித்தார். அதுவரை தாயாருக்காக மாமிசத்தை ஒதுக்கியவர், அதன் பிறகு தாமே விரும்பி ஒதுக்கினார்.

20 வயதில் இரண்டு ஆங்கிலேய நண்பர்கள் அவரிடம் கீதையைச் சேர்ந்து படிக்கலாமா என்று கேட்டார்கள். அதுவரை கீதையைப் படிக்காதது அவருக்கு வெட்கமாக இருந்தது. படிக்கத் தொடங்கினார்.

24 வயதில் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாயின் புத்தகம் கையில் கிடைத்தது. 1904-ல், சுமார் 35 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் ரெயில் ஏறும்போது போலக் என்ற நண்பர் ரஸ்கின் எழுதிய ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். டர்பன் போய்ச் சேர ஒரு நாள் முழுதும் பிரயாணம். புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை. அதே வருஷம் டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கிவிட்டார்.

ரஸ்கினை 19 வயதில் படித்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். அந்தந்த வயதில் மனத்தில் எந்தக் கேள்வி எழுந்ததோ, அதற்கு ஏற்ற புத்தகம் வந்து சேர்ந்தது. இன்னொன்றையும் பாருங்கள். சாமிநாத ஐயருக்கு முதலியார் கொடுத்தார். காந்திஜிக்குப் போலக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார்!

ஆகவே எந்தப் புத்தகம் நல்லது என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வயதில், எந்தக் கேள்விக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதல் பருவம்: 18 முதல் 21 வரை

இந்த வயதில் எழும் கேள்வி: "உலகம் எவ்வளவு பெரிது? அதில் நான் யார்?"

பரீட்சையால் களைத்த மனத்துக்கு முதலில் தேவை சுவாரஸ்யம். கதை கையைப் பிடித்து இழுக்க வேண்டும். கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் தொடராக வந்தது. ஐந்து பாகம்! 2022-ல் அது சினிமாப் படமாக வந்தபோது, தடித்த அந்தப் புத்தகத்தை வாலிபர்கள் கடைகளில் தேடி வாங்கினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்ற பேச்சு பொய் என்று அப்போது தெரிந்தது. ருசி காட்டினால் படிக்கிறார்கள்.

கல்கிக்கும் இந்தச் சீமைக்கும் உறவு உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்காக "விமோசனம்" என்ற பத்திரிகை 1929-ல் வெளிவந்தது. ராஜாஜிக்குத் துணையாக இருந்து அதைக் கவனித்தவர் கல்கி. அப்போது அவருக்கு வயது சுமார் 30.

கதைக்கு அடுத்தபடியாக வாழ்க்கை வரலாறு. "சத்திய சோதனை"யைப் படிக்கலாம். சாமிநாத ஐயரின் "என் சரித்திர"த்தைப் படிக்கலாம். காவிரிக் கரை மோகனூரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் "என் கதை"யைப் படிக்கலாம். நம் ஊர்க்காரர் ஒருவர் எப்படி வளர்ந்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்பது தனிச் சுகம். அவர் எழுதிய "மலைக்கள்ளன்" நாவல்தான் 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்தது.

கண்டதைப் படித்தால் பண்டிதன் ஆவான் என்று பழமொழி சொல்கிறது. இந்தப் பருவத்துக்கு அது பொருந்தும். கண்டதையும் படிக்கட்டும். பிடிக்காததைப் பாதியில் மூடட்டும். அதற்கு யாரும் மார்க்கு குறைக்கப் போவதில்லை!

இரண்டாம் பருவம்: 21 முதல் 25 வரை

இந்த வயதில் எழும் கேள்வி: "என் காலில் நான் எப்படி நிற்பேன்?"

சிலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள். திருச்செங்கோட்டு வாலிபர்கள் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக் கணக்கில் தங்குகிறார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறார்கள். இன்னும் பலர் நூல் நிலையத்தில் சர்க்கார் பரீட்சைக்குக் கைடு வைத்துப் படிக்கிறார்கள்.

கைடு படிப்பதில் பிழை இல்லை. உத்தியோகம் வேண்டும் அல்லவா? ஆனால் அதே நூல் நிலையத்தில், நாலடி தள்ளி உள்ள அலமாரியையும் திறந்து பார்க்கலாம்.

இந்தப் பருவத்தில் மூன்று வகைப் புத்தகங்கள் வேண்டும்.

ஒன்று, தொழிலைப் பற்றிய புத்தகம். தான் செய்யும் வேலையைத் தன் மேஸ்திரியைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்துகொள்ள அது உதவும்.

இரண்டு, பணத்தையும் சட்டத்தையும் பற்றிய புத்தகம். சம்பளம் கைக்கு வந்ததும் சீட்டு, தவணை, கடன் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். வட்டிக் கணக்கு தெரியாதவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தவிப்பான். இந்திய அரசியல் சட்டம் தமிழிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பிரஜைக்கும் உள்ள உரிமைகளைச் சொல்லும் பகுதியையாவது ஒரு முறை படித்துவிட வேண்டும்.

மூன்று, சொந்த மண்ணைப் பற்றிய நாவல். ஊரைவிட்டு வந்தவனுக்குத்தான் ஊர் நன்றாகத் தெரியும். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் 1966-ல் பிறந்த பெருமாள்முருகன் தம் முதல் நாவலான "ஏறுவெயி"லை 1991-ல் வெளியிட்டார். அவருக்கு அப்போது வயது சுமார் 25. நகரம் வளர வளர, நிலத்தை இழக்கும் குடியானவக் குடும்பத்தின் கதை அது. சேலம், நாமக்கல் சாலை ஓரங்களில் வயல் வீட்டு மனையானதைப் பார்த்தவர்களுக்கு அதில் தங்கள் வீட்டுக் கதை தெரியும்.

மூன்றாம் பருவம்: 25 முதல் 30 வரை

இந்த வயதில் எழும் கேள்வி: "இன்னொருவரோடு எப்படி வாழ்வது?"

கலியாணம் ஆகிறது. குழந்தை பிறக்கிறது. பெற்றோருக்கு வயதாகிறது. இப்போது படிக்கிற புத்தகம் தனக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சட்டப்படி பெண்ணுக்குக் கலியாண வயது 18. ஆணுக்கு 21. பல வீடுகளில் பெண்ணுக்கு 18 முடிந்த உடனே மாப்பிள்ளை தேடிவிடுகிறார்கள். மேலே சொன்ன முதல் பருவமும் இரண்டாம் பருவமும் அவளுக்குக் கிடைப்பதே இல்லை. நேராக மூன்றாம் பருவத்தில் இறக்கிவிடப்படுகிறாள்!

அப்படியும் ஒரு பெண் படித்து முன்னேறியது உண்டு. நாமக்கல்லுக்கு அடுத்த முசிறியில் 1925-ல் பிறந்தவர் ராஜம் கிருஷ்ணன். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். 15 வயதில் கலியாணம். அதன் பிறகு தாமாகவே படித்தார், எழுதினார். நீலகிரி மலை மக்களைப் பற்றிக் "குறிஞ்சித்தேன்" எழுதினார். உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் "கரிப்பு மணிகள்" எழுதினார். 1973-ல் சாகித்திய அகாடமி பரிசு அவருக்குக் கிடைத்தது. மருமகளுக்குப் பட்டுப் புடவை எடுக்கும் மாமியார் இவருடைய புத்தகம் ஒன்றையும் சேர்த்து எடுக்கலாம். புடவை விலையில் அது ஒரு நூல் இழைதான்!

குடும்பமாகப் படிக்க ராஜாஜியின் புத்தகங்கள் உண்டு. மகாபாரதத்தை "வியாசர் விருந்து" என்றும், ராமாயணத்தைச் "சக்கரவர்த்தித் திருமகன்" என்றும் எளிய தமிழில் எழுதினார். இரண்டாவது புத்தகத்துக்கு 1958-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. ஒருவர் வாய்விட்டுப் படித்தால் மற்றவர்கள் கேட்கலாம். புதிதாக எழுத்துக் கற்ற பெரியவர்கள் ஒரு பாராவைத் தாங்களே படிக்கலாம். பேரன் திருத்தினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

புருஷனும் மனைவியும் மனம்விட்டுப் பேசுவதற்கு உதவும் கனமான நாவல்களும் உண்டு. அவற்றில் ஒன்று பெரிய வழக்கையே சந்தித்தது.

ஒரு புத்தகமும் ஒரு தீர்ப்பும்

பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010-ல் வெளிவந்தது. குழந்தை இல்லாத ஒரு தம்பதியின் துயரம்தான் கதை. களம் திருச்செங்கோடு. ஊரையும் கோயிலையும் பெண்களையும் இழிவு செய்கிறது என்று 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பேச்சுவார்த்தை நடந்தது. அப்போது நாமக்கல் அரசுக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், இனி எழுதுவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 2016 ஜூலை 5-ந் தேதி தீர்ப்பு வந்தது. புத்தகத்துக்குத் தடை இல்லை. படிப்பதும் படிக்காமல் இருப்பதும் வாசகரின் விருப்பம். பிடிக்காவிட்டால் தூக்கி எறிந்துவிடலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற கருத்தை நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள். அவர் மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

அந்த நாவலைப் பிடிக்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படித்துவிட்டுச் சொல்கிறவர் வேறு, பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறவர் வேறு. முப்பது வயதுக்குள் ஒரு மனிதன் பழக வேண்டியது இதுதான். தானே படித்து, தானே ஒரு முடிவுக்கு வரவேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், போனில் வருகிற வதந்தியையும் அவன் நிறுத்தி வைத்து யோசிப்பான்.

பணம் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்!

புத்தகம் வாங்கக் காசுக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூல் நிலையச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் இதுதான். அப்போது கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார். அதற்காகப் பாடுபட்டவர் நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன். 1931-லேயே நூலகங்களுக்கு ஐந்து விதிகளை வகுத்தவர் அவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று.

அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி 1,000 ரூபாய் கட்டினால் 100 ரூபாய் நூல் நிலையத்துக்கு! அதாவது புத்தகத்துக்குப் பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. போய் எடுத்துப் படிக்காமல் இருப்பதுதான் நஷ்டம்.

கல்கி, நாமக்கல் கவிஞர், ராஜம் கிருஷ்ணன் ஆகியோரின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். அதனால் மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் செல்போனிலேயே காசில்லாமல் படிக்கலாம். ரிக் வண்டியில் வடக்கே போன தம்பிக்கும் அது எட்டும். 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாவும் நடத்தி வருகிறார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளைக்குப் புத்தகம் வாங்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். பத்து பக்கம் அங்கேயே புரட்டிப் பார்க்கட்டும். ஒன்று பெற்றோர் விருப்பம், இரண்டு பிள்ளை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மகள் கையில் நாவலைப் பார்த்தால், "பாடம் படிச்சாச்சா?" என்று கேட்பதற்கு முன், "கதை எப்படிப் போகுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயாரும் இதைக் கேட்கலாம். அவள் சொல்லச் சொல்ல, தாயாருக்கும் கதை தெரிந்துவிடும்.

கலியாணச் சீரில் ஒரு புத்தகம் வையுங்கள். வேலைக்குப் போகும் மகன் பெட்டியில், முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு புத்தகம் வையுங்கள்.

சேலம் ராமசாமி முதலியார் செய்த காரியம் பெரிய காரியம் அல்ல. வந்தவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பதிலைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, அந்த வயதுக்கும் அந்த மனத்துக்கும் ஏற்ற ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். இதைச் செய்ய முன்சீப்பாக இருக்க வேண்டியதில்லை. அண்ணன் செய்யலாம், அத்தை செய்யலாம், பக்கத்து வீட்டு வாத்தியார் செய்யலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பழைய கேள்வியைக் கேளுங்கள்.

"என்ன படிக்கிறே, கண்ணு?"

"பி.இ." என்று பதில் வந்தால் விட்டுவிட வேண்டாம்.

"அது தெரியும் சாமி. புஸ்தகம் என்ன படிக்கிறே?"